பதிவேடும் கற்கும் பொறியும்

எண்ணையும் எழுத்தையும் மக்கட்கு இரு கண்களெனக் கொண்டது தமிழர் மரபு. எண்ணி எழுதிவைத்தல் என்னும் வழக்கம் இறை வாங்குதற்கும் வணிகம் நடத்துதற்கும் தோன்றியதொன்று. நிலத்தின் அளவும் நெல்லின் அளவும் கோயிற் சுவர்களிலே கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டிருத்தலை நாம் இன்றும் காண்கின்றோம். ஆயின், பிறர் பிற காரணம் பற்றி எழுதிவைத்த எண்களை ஒன்றுதிரட்டி, அவற்றுள் மறைந்து கிடக்கும் உண்மையொன்றைத் தேடிக் காணுதல் பிற்காலத்தெழுந்த முயற்சியாகும். இக்காலத்தார் பெருந்தரவு என்றும் பொறிவழிக் கற்றல் என்றும் வழங்குவன அம்முயற்சியின் அண்மைக்காலக் கிளைகளேயன்றி, வேரின்றி முளைத்தவை அல்ல.

பெருந்தரவு என்பது மனிதர் தம் வாழ்நாளில் இருந்து படித்து முடிக்கவியலாத அளவினதாகிய பதிவுத் திரள். பொறிவழிக் கற்றலாவது, விதிகளை நாம் வகுத்துக் கூறாமலே, அத்திரளிலுள்ள ஒழுங்குகளைக் கணினி தானே கண்டுகொள்ளுமாறு செய்தல். இவ்விரண்டும் இணைந்து விஞ்ஞானம், பண்பாடு, சுகாதாரம் என்னும் மூன்று துறைகளிலும் வியத்தகு மாற்றங்களை விளைத்துள்ளன. அம்மாற்றங்களைப் புகழ்ந்து எழுதுவோர் பலர். அஞ்சி எழுதுவோரும் பலர். வரலாற்று மாணவர்க்கு உரிய வினா வேறு. பொறி எதிலிருந்து கற்றது? அப்பதிவைச் செய்தவர் யார்? அதில் விடுபட்டவர் யார்? இவ்வினாக்களை அவ்வத் துறையின் வரலாற்றுவழி நின்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறப்புப் பட்டியலும் ஒரு வணிகரும்

பதினேழாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரில் கிழமைதோறும் இறப்புப் பட்டியலொன்று அச்சிட்டு விற்கப்பட்டது. கொள்ளைநோய் வருகின்றதா என்பதை அறிந்து, வசதி படைத்தோர் நகரை விட்டு நீங்குதற்கு அப்பட்டியல் பயன்பட்டது. ஒவ்வொரு கோயிற்பற்றிலும் முதிய பெண்டிர் சிலர் இறந்தவர் வீடுகளுக்குச் சென்று, உடலைப் பார்வையிட்டு, இறப்பின் காரணத்தைக் கோயிற்பற்று எழுத்தருக்கு அறிவித்தனர். அவர்கள் மருத்துவம் பயின்றவரல்லர். எனினும் அவர்தம் வாய்மொழியே நகரின் சுகாதாரப் பதிவாயிற்று.

பலரும் படித்து எறிந்த அப்பட்டியல்களைப் பல ஆண்டுகளுக்குரியனவாகத் திரட்டி ஆராய்ந்தவர் யோன் கிரான்ற் என்பார். அவர் பல்கலைக்கழகத்தாரல்லர், சிறுபொருள் விற்கும் வணிகர். 1662 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறுநூல் புள்ளிவிபரவியலின் தொடக்கமெனப் போற்றப்படுகின்றது. பெண்மகவினும் ஆண்மகவு சற்று மிகுதியாகப் பிறத்தலையும், பிறக்கும் நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ 36 குழந்தைகள் ஆறு வயது நிரம்பு முன்னரே இறத்தலையும் அவர் எடுத்துக்காட்டினார். இலண்டனிலே பத்திலட்சக்கணக்கான மக்கள் வாழ்கின்றனர் எனப் பலர் பேசியகாலை, அத்தொகை 384,000 அளவினதே எனக் கணித்துக் கூறினார். அவ்வாண்டிலேயே அரச கழகம் அவரைத் தன் உறுப்பினருள் ஒருவராக ஏற்றது.

கிரான்ற் கண்ட முடிவுகளினும் அவர் கைக்கொண்ட நெறியே ஈண்டு நாம் கருதற்பாலது. அவர் தம் பட்டியலை நம்புமுன் அதனை ஐயுற்றார். மேகநோயால் இறந்தோர் தொகை நம்பமுடியாத அளவு குறைந்திருத்தலைக் கண்டு, அதன் காரணத்தை ஆராய்ந்தார். பார்வையிடச் சென்ற பெண்டிர் ஒரு குவளை மதுவும் இரட்டிப்புக் கூலியும் பெற்றுக்கொண்டு நோயின் பெயரை மாற்றிக் கூறினர் என்று எழுதினார். ஞானஸ்நானப் பதிவுகள் ஒரு காலத்திற் குறைந்தமைக்குக் குழந்தைகள் பிறவாமை காரணமன்று, சமயப் பிணக்கினாற் பலர் கோயிற் பதிவை நாடாமையே காரணம் என்பதையும் தெளிந்தார். பதிவேட்டின்கண் உள்ளதைப் படித்தல் ஒரு திறம். அதன்கண் இல்லாததை உணர்தல் மற்றொரு திறம். இவ்விரு திறமும் ஒருவரிடத்தே கூடியமையாலேயே அவர் நூல் நிலைபெற்றது.

வானத்தை எழுதிவைத்தோர்

விஞ்ஞானத் துறையிலும் இவ்வாறே பதிவு முன்னும் கண்டுபிடிப்புப் பின்னுமாக அமைந்தன. டென்மார்க்கு நாட்டவரான தைக்கோ பிராகே 1576 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வென் என்னும் தீவிலே தங்கிக் கோள்களின் நிலைகளை இரவுதோறும் அளந்து எழுதினார். தொலைநோக்கி அந்நாளில் இல்லை. வெறுங்கண்ணும் பெரிய அளவுகருவிகளுமே அவர்க்குத் துணையாயின. அப்பதிவுகள் 1601 இல் அவர் மறைந்தபின் யோகான்னசு கெப்பிளரின் கைக்கு வந்தன. செவ்வாய்க்கோளின் பாதையை வட்டமெனக் கொண்டு கெப்பிளர் வகுத்த கணக்குக்கும் பிராகேயின் அளவுக்கும் இடையே எட்டுக் கலை அளவிலான வேறுபாடு தோன்றிற்று. அது முழுமதியின் குறுக்களவில் ஏறக்குறைய நாலிலொரு பங்கேயாம். வேறொருவராயின் அதனைக் கண்பிழையெனத் தள்ளியிருப்பர். பிராகேயின் அளவில் அத்துணைப் பிழை நேராது என்று கெப்பிளர் அறிந்திருந்தார். ஆகவே ஈராயிரம் ஆண்டுகள் நிலவிய வட்டக் கொள்கையைக் கைவிட்டு, கோள்களின் பாதை நீள்வட்டம் என்னும் முடிவை 1609 இல் வெளியிட்டார். பதிவு செம்மையானதென்று அறிந்து நம்பியமையின் பயன் இது.

மூன்று நூற்றாண்டுகளின் பின் அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வு நிலையத்தில் வானின் ஒளிப்படங்கள் கண்ணாடித் தகடுகளிலே ஆயிரக்கணக்கிற் குவிந்தன. அவற்றை அளந்து எழுதும் பணியிற் குறைந்த ஊதியத்துக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் 'கணிப்போர்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கப்பட்டனர். அச்சொல்லே பின்னர்க் கணினிக்குப் பெயராயிற்று. அவருள் ஒருவரான ஹென்றியெற்றா லீவிற் அம்மையார் மகெல்லன் முகில்களில் உள்ள 1777 ஒளிமாறும் விண்மீன்களைத் தேடிப் பட்டியலிட்டு 1908 இல் வெளியிட்டார். அவற்றுட் சிலவற்றில், ஒளி மாறும் காலம் நீள நீள மீனின் இயல்பொளியும் மிகுதலை 1912 இல் நிறுவினார். அவ்வொழுங்கையே அளவுகோலாகக் கொண்டு, அந்திரொமேடா என்பது நம் விண்மீன் கூட்டத்துக்கு அப்பாலுள்ள வேறொரு கூட்டம் என்பதை எட்வின் ஹபிள் காட்டினார். அண்டத்தின் பரப்பை மனிதர் அறிந்தது, தகடுகளைக் குனிந்து நோக்கி எழுதிய பெண்களின் உழைப்பினாலாகும்.

நீர்க்குழாயும் கொள்ளைநோயும்

மீண்டும் சுகாதாரத் துறைக்கு வருவோம். 1854 இல் இலண்டனிலே வாந்திபேதி பரவிற்று. தீய நாற்றமுடைய காற்றே அந்நோய்க்குக் காரணம் என்பது அந்நாள் வைத்தியர் பலர் துணிபு. யோன் சினோ என்னும் வைத்தியர் நீரே காரணம் என்று கருதினார். தென் இலண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களிற் குழாய்வழி நீர் வழங்கின. அவற்றுள் லாம்பெத் நிறுவனம் 1852 இல் தன் நீரெடுக்கும் இடத்தை நகரக் கழிவு கலவாத மேலாற்றுக்கு மாற்றியிருந்தது. மற்றைய நிறுவனம் கழிவு கலந்த இடத்திலிருந்தே நீரெடுத்தது. பதிவாளர் நாயகத் திணைக்களத்தில் இறப்புப் புள்ளிவிபரங்களைத் தொகுத்துவந்த வில்லியம் பார் என்பார், இறந்தோரின் வீட்டு விபரங்களைச் சினோவுக்கு வழங்கினார்.

பதிவேட்டிலே முகவரி இருந்தது. எந்த நிறுவனத்தின் நீர் என்னும் செய்தி இல்லை. ஆகவே சினோ வீடுவீடாகச் சென்று வினவினார். வீட்டார் அறியாவிடத்து, நீரைச் சிறு குப்பியில் எடுத்து அதன் உப்பளவைச் சோதித்து நிறுவனத்தைக் கண்டறிந்தார். இறுதியிற் பெற்ற கணக்கு இது: கழிவுநீர் பெற்ற 10,000 வீடுகளுக்கு 315 இறப்பு; தூயநீர் பெற்ற 10,000 வீடுகளுக்கு 37 இறப்பு. நோய்க்கிருமியைக் கொக்கு என்னும் ஜேர்மானிய அறிஞர் இனங்கண்டு உலகறியச் செய்தற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் முன்னரே, பதிவேடும் கால்நடையும் சேர்ந்து நோயின் வழியைக் காட்டின. தொடக்கத்திற் காற்றுக் கொள்கையையே பற்றிநின்ற பார், 1866 இல் மீண்டும் நோய் பரவியகாலை தம் எண்களே கூறிய சான்றுக்குத் தலைவணங்கி நீர்க் கொள்கையை ஏற்றார். இஃது அறிஞர்க்குரிய பண்பாகும்.

துளையிட்ட அட்டைகள்

பதிவுகள் பெருகப் பெருக மனிதக் கை அவற்றை எண்ணித் தீர்க்கவியலாததாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1880 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் சென்றன. அந்நிலையில் ஹேர்மன் ஹொலரித் என்னும் பொறியியலாளர், ஒவ்வோர் ஆளின் விபரத்தையும் ஓர் அட்டையிலே துளைகளாகக் குறித்து, அத்துளைகளின் வழியே மின்னோட்டம் பாயச்செய்து எண்ணும் இயந்திரத்தை அமைத்தார். 1890 ஆம் ஆண்டு மதிப்பு அவ்வியந்திரத்தால் எண்ணப்பட்டது. அந்நாட்டு மக்கள் 62,622,250 பேர் என்பது தெரியவந்தது. அவர் நிறுவிய தொழிலகம் பிறவற்றோடிணைந்து, 1924 இல் ஐ. பி. எம். என்னும் பெயர் பெற்றது. கணினி யுகத்தின் வாயில் இவ்வாறு ஒரு குடிசன மதிப்பினால் திறந்தது.

எண்ணும் ஆற்றல் இருபுறமும் கூரிய வாள் என்பதை இருபதாம் நூற்றாண்டு உணர்த்திற்று. நெதர்லாந்து நாட்டின் குடிப்பதிவேடு ஐரோப்பாவில் மிக ஒழுங்காகப் பேணப்பட்டவற்றுள் ஒன்று. சமயமும் முகவரியும் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. 1940 இல் நாற்சிப் படை அந்நாட்டைக் கைப்பற்றியபின் அவ்வொழுங்கே யூதர்க்குக் கூற்றாயிற்று. ஏறத்தாழ 140,000 யூதருள் 100,000 பேருக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச்சு 27 ஆம் நாளிரவு எதிர்ப்பியக்கத்தார் சிலர் அம்ஸ்ரடாம் குடிப்பதிவு அலுவலகத்துக்குத் தீயிட்டனர். அவருட் பன்னிருவர் பின்னர்ச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இது தூரதேசத்துக் கதை மட்டுமன்று. 1983 யூலைக் கலவரத்தின்போது கொழும்பிலே கலகக்காரர் வாக்காளர் இடாப்பைக் கையிற்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச்சென்றமை பலராலும் எழுதப்பட்டுள்ளது. பதிவு யாருடைய கையில் உள்ளது என்பதும் வரலாற்று வினாவேயாம்.

சொல்லடைவும் பண்பாடும்

பண்பாட்டுத் துறையிற் பெருந்தரவின் முன்னோடி சொல்லடைவு ஆகும். ஒரு நூலில் ஒரு சொல் எவ்வெவ்விடத்து வருகின்றது என்பதைத் திரட்டிக் காட்டும் இம்முயற்சியை விவிலியத்துக்கு முதன்முதற் செய்தோர் பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிசு நகரத் துறவிகள். அப்பணியைக் கணினி யுகத்துக்குக் கொணர்ந்தவரும் ஒரு துறவியே. இத்தாலியரான ரொபேற்றோ பூசா அடிகள், தோமசு அக்குவைனாசு எழுதிய நூல்கள் அனைத்துக்கும் சொல்லடைவு ஆக்க எண்ணி, 1949 இல் ஐ. பி. எம். நிறுவனத் தலைவரை நேரிற் கண்டு உதவி வேண்டினார். ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள் அட்டைகளில் ஏற்றப்பட்டன. அப்பணியில் இளம் பெண்கள் பலர் பயிற்றப்பெற்றனர். முப்பதாண்டு உழைப்பின் பயனாக 56 பெருந்தொகுதிகள் அச்சேறின.

தமிழறிஞரும் இத்துறையிற் பின்தங்கியவரல்லர். சிந்துவெளி முத்திரைகளின் குறியீடுகளை ஐராவதம் மகாதேவன் கணினித் துணைகொண்டு தொகுத்து, 1977 இல் அடைவும் அட்டவணைகளுமாக வெளியிட்டார். பின்வந்த ஆய்வாளர் அனைவர்க்கும் அந்நூல் அடிப்படையாயிற்று. எனினும் அவ்வெழுத்து இன்றுவரை ஐயந்திரிபறப் படிக்கப்படவில்லை. முத்திரைகளிலுள்ள வாசகங்கள் பெரும்பாலும் ஐந்து குறியளவினவே. இருமொழிக் கல்வெட்டு எதுவும் கிடைத்திலது. பதிவு சிறிதாயின் எப்பெரும் பொறியும் அதற்குமேற் காணவியலாது என்பதற்கு இஃதொரு சான்று.

பதிவு ஓரளவு எஞ்சியிருப்பின் பொறி ஆற்றும் விந்தை வேறு. கி. பி. 79 இல் வெசூவியசு எரிமலை கக்கிய வெப்பத்தில் ஏக்குலேனியம் நகரின் நூற்சுருள்கள் கரியாயின. 1750களில் அவை அகழ்ந்தெடுக்கப்பட்டபோது, விரிக்க முயன்றால் பொடியாயின. அண்மைக்காலத்திற் கெந்தக்கிப் பல்கலைக்கழகத்துப் பிறென்ற் சீல்சு என்பாரும் அவர் குழுவினரும், சுருளை விரியாமலே ஊடுகதிராற் படம்பிடித்து, கணினியில் ஏடு ஏடாக விரிக்கும் முறையை வகுத்தனர். கரியாகிய ஏட்டில் கரிமை எழுத்தைக் காண்பதே பெருந்தடையாய் நின்றது. 2023 இல் உலகறியப் போட்டியொன்று அறிவிக்கப்பட்டது. படங்களை நெடுநேரம் கூர்ந்து நோக்கிய ஒருவர், மை உலர்ந்த இடத்தில் நுண்வெடிப்புப் போன்ற சாயலைத் தம் கண்ணாற் கண்டார். அச்சாயலைப் பொறிக்குப் பயிற்றியபோது எழுத்துகள் தோன்றலாயின. அவ்வாண்டு ஒக்டோபரிலே ஊதாநிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்று படிக்கப்பட்டது. 2024 தொடக்கத்தில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளைப் படித்த மாணவர் மூவர் பெரும்பரிசு பெற்றனர். அச்சுருள் இன்பத்தைப் பற்றிய மெய்யியல் உரையாகும். மனிதக் கண் முதலிற் கண்டதைப் பொறி பின்னர்ப் பல்லாயிரம் மடங்காகக் கண்டது.

பொறி கற்கத் தொடங்கிய காலம்

பொறி எவ்வாறு கற்கின்றது என்பதை இனி நோக்குவாம். 1958 இல் பிராங்கு ரொசன்பிளாற் நரம்பணுவைப் போன்று செயற்படும் கணிப்பு அமைப்பொன்றை அறிமுகஞ் செய்தார். 1959 இல் ஆதர் சாமுவேல், தன் ஆட்டங்களிலிருந்தே தேர்ச்சி பெறும் காய்நகர்த்து ஆட்ட நிரலொன்றை வெளியிட்டு, பொறிவழிக் கற்றல் என்னும் தொடரைப் பரப்பினார். முறை கருத்தளவில் எளிது. பொறிக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்து விடை கேட்பர். விடை தவறாயின், அதனுள் அமைந்த எண்ணிறந்த நிறைகளைச் சிறிது சிறிதாகத் திருத்துவர். இவ்வாறு இலட்சக்கணக்கான முறை திருத்தப்பெற்ற பொறி, முன் காணாத எடுத்துக்காட்டுக்கும் பெரும்பாலும் சரியான விடை பகரும்.

அம்முறை அரைநூற்றாண்டளவு பெரும்பயன் தராது கிடந்ததற்குக் காரணங்களுள் முதன்மையானது எடுத்துக்காட்டுகளின் குறைவேயாம். பேய்-பேய் லீ என்னும் அறிஞரின் தலைமையில் 2009 இல் வெளிவந்த இமேச்நெற் என்னும் படத்தொகுப்பு அக்குறையைத் தீர்த்தது. அது நாளடைவில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் படங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பெயரிட்டவர் உலகெங்கணும் சிறுகூலிக்கு உழைத்த பல்லாயிரம் பேர். 2012 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகக் குழுவின் நரம்புவலைப் பொறி, அத்தொகுப்பின் அடிப்படையில் நடந்த போட்டியிற் பிழை விகிதத்தை 15.3 ஆகக் குறைத்தது. அடுத்து நின்ற குழுவின் பிழை 26.2 விகிதம். இக்காலப் பொறியறிவின் எழுச்சி அவ்வெற்றியோடு தொடங்கிற்று.

விஞ்ஞானத்தில் அதன் உச்சமெனத் தக்கது புரதங்களின் வடிவத்தைக் கண்டறிந்தமை. புரத வடிவங்களை ஊடுகதிர் முதலிய முறைகளால் ஒவ்வொன்றாகக் கண்ட அறிஞர்கள், 1971 இல் நிறுவப்பட்ட புரதத் தரவு வங்கியில் அவற்றைப் பொதுச்சொத்தாகச் சேர்த்தனர். தொடக்கத்தில் இருந்தவை ஏழே. அரைநூற்றாண்டில் அவை ஒன்றரை இலட்சத்தைக் கடந்தன. ஒரு புரதத்தின் வடிவத்தைக் காணுதற்கே பல்லாண்டு உழைத்தோர் உளர். அவ்வங்கியைக் கற்றே, 2020 இல் அல்பாபோல்ட் என்னும் பொறி, அமினோவமில வரிசையிலிருந்து புரத வடிவத்தைச் செம்மையாகக் கணித்துக் காட்டிற்று. 2022 இல் இருபது கோடிக்கு மேற்பட்ட கணிப்புகள் உலகுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. 2024 ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபெற் பரிசின் ஒரு பாதி அதனை ஆக்கிய டெமிசு ஹசாபிசு, யோன் யம்பர் என்னும் இருவர்க்கும், மறுபாதி புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் அளிக்கப்பட்டன. அதன் அடியிலே, தாம் கண்டதை மறையாது வங்கியிலிட்ட ஆயிரக்கணக்கான ஆய்வாளர்களின் கொடை கிடக்கின்றது. பிராகே இன்றிக் கெப்பிளர் இல்லை என்பது போன்றதே இதுவும்.

தொகை பெரிதாயின் உண்மை பெரிதோ?

தரவு மிகுதல் ஒன்றே போதும் என்று கருதுவார்க்கு 1936 ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் நல்ல பாடமாகும். லிற்றரறி டைஜெஸ்ற் என்னும் சஞ்சிகை ஒரு கோடி வாக்குத்தாள்களை அனுப்பிற்று. இருபத்துநான்கு இலட்சமளவில் திரும்பி வந்தன. அவற்றைக்கொண்டு லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ற் பெருவெற்றி பெற்றார். தொலைபேசி, மோட்டார் வண்டி உடையோர் பட்டியல்களிலிருந்து முகவரிகள் பெரிதும் எடுக்கப்பட்டமையால், பொருளாதார மந்தத்தில் வாடிய ஏழைகள் விடுபட்டனர். வாக்குத்தாளைத் திருப்பி அனுப்பியோரும் ஒருபாற் சார்ந்தோராயினர். சிறுதொகையினரைக் கவனமாகத் தெரிந்து வினவிய கலப் என்பார் வென்றவரைச் சரியாகக் கூறினார்.

எழுபதாண்டுகளின் பின் அதே பிழை புத்துருக்கொண்டு வந்தது. 2008 இல் கூகிள் நிறுவனம், மக்கள் இணையத்தில் தேடும் சொற்களைக்கொண்டு சளிச்சுரம் பரவுதலை அறியும் முறையொன்றைத் தொடங்கிற்று. வைத்தியர் அறிக்கைகளினும் விரைவாக அது விடை கூறிற்று; உலகமும் வியந்தது. ஆயின் 2009 இல் புதுவகைச் சளிச்சுரத்தின் முதலலையை அது காணத் தவறிற்று. 2012–2013 மாரியில், அரசாங்கச் சுகாதார நிலையத்தின் கணக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கூறிப் பிழைத்தது. தேடுவோரெல்லாம் நோயாளரல்லர், செய்தித்தாள் கண்டு அஞ்சித் தேடியோரும் பலர். 2015 இல் அம்முறை கைவிடப்பட்டது. இந்தப் பதிவை எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்று கிரான்ற் கேட்ட கேள்வியை இந்நூற்றாண்டினர் கேட்க மறந்தனர்.

பொறியின் விடை சரியாயிருந்தும் தீங்கு நேர்தல் உண்டு. அமெரிக்க வைத்தியசாலைகளில் மேலதிகக் கவனிப்புக்கு உரியாரைத் தெரிதற்குப் பயன்பட்ட கணிப்பு முறையொன்றை ஆராய்ந்த சியாட் ஒபமையரும் துணைவரும், 2019 இல் தம் முடிவை வெளியிட்டனர். அம்முறை நோயின் கடுமையை மருத்துவச் செலவைக்கொண்டு அளந்தது. கறுப்பின மக்கள் ஒரேயளவு நோயுற்றிருந்தும், வசதியின்மையாலும் பிற தடைகளாலும் குறைந்த செலவே செய்தனர். பொறி அவர்களை நலமுடையோர் எனக் கணித்தது. அக்குறையை நீக்கின், மேலதிகக் கவனிப்புக்குத் தெரியப்படுவோருள் கறுப்பினத்தார் 17.7 விகிதத்திலிருந்து 46.5 விகிதமாக உயர்வர் எனக் கண்டனர். பொறி பொய் கூறவில்லை. செலவை ஓரளவு சரியாகவே கணித்தது. கேள்வி தவறாக அமைந்தமையால் நோயாளர் பலர் கதவடைக்கப்பட்டனர்.

நன்மையின் பக்கமும் கூறவேண்டும். நீரிழிவினாற் கண் கெடுதலை விழித்திரைப் படத்திலிருந்து அறியும் பொறியொன்று 2016 இல் அறிவிக்கப்பட்டது. 128,175 படங்களை அது கற்றது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்திராலயம் ஆகிய கண் வைத்தியசாலைகளின் படங்களும் அவ்வாய்வில் இடம்பெற்றன. கண் வைத்தியர் 54 பேர் அவற்றைத் தரம் பிரித்தனர். வைத்தியர் அருகிய ஊர்களுக்கு இது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. எனினும் தாய்லாந்தின் கிராமச் சிகிச்சை நிலையங்களிற் சோதித்தபோது, வெளிச்சக் குறைவு முதலிய காரணங்களால் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு படங்களைப் பொறி ஏற்க மறுத்தது என்று 2020 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. தாதியர் படும் பாட்டையும் நோயாளர் வீணே அலைதலையும் அவ்வாய்வு காட்டிற்று. சினோவைப் போன்று வீடுவீடாக நடந்து பார்த்தல் இக்காலத்தும் தவிர்க்கவொண்ணாதது.

நமக்குரிய பாடம்

இதுகாறும் கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். பொறி கற்பது உலகத்திலிருந்தன்று. உலகத்தைப் பற்றி எவரோ எழுதிவைத்த பதிவிலிருந்தே. பதிவின் செம்மை பொறியின் செம்மை. பதிவின் பக்கச்சார்பு பொறியின் பக்கச்சார்பு. பதிவில் இல்லாதார் பொறிக்கு இல்லாதாரே.

இது நம்மைத் தொடும் இடம் யாதெனின், நம் மொழியும் வரலாறுமாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அவற்றை எப்பொறியும் இனிக் கற்கவியலாது. 2005 இல் தன்னார்வத் தொண்டர்களால் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துப் பழைய நூல்களையும் செய்தித்தாள்களையும் கல்லூரி ஆண்டு மலர்களையும் படம்பிடித்துப் பொதுவில் வைத்துவருகின்றது. கூலி கருதாத அவ்வுழைப்பு பிராகேயின் உழைப்புக்கும் லீவிற் அம்மையாரின் உழைப்புக்கும் இனமானது.

எம் மாணவர் கணிதமும் கணினியியலும் பயின்று இத்துறையிற் சிறத்தல் வேண்டும் என்பது யாவர்க்கும் விருப்பம். அவர்கள் அதனோடு மூன்று பழக்கங்களையும் கைக்கொள்வாராக. முதலாவது, கண்டதைக் கண்டவாறு நாளும் இடமும் குறித்து எழுதிவைத்தல். இரண்டாவது, பிறர் எழுதிய எண்ணைப் பயன்படுத்துமுன் அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், யாரை விட்டார் என்று வினவுதல். மூன்றாவது, மக்களைப் பற்றிய பதிவு தீயோர் கையிற் சேராதவாறு காத்தல். இம்மூன்றும் விலையுயர்ந்த இயந்திரத்தை வேண்டுவன அல்ல. ஊசியும் நூலும் விற்ற வணிகரொருவர்க்கும் கைகூடியவை. வீட்டு மூலையிற் கிடக்கும் பாட்டனாரின் நாட்குறிப்பு, கிராமத்து வைத்தியரின் கைப்பிரதி, பாடசாலைச் சம்பவத் திரட்டு என்பனவற்றைச் செல்லுக்கிரையாகாது பேணுதலிலிருந்து எவரும் இன்றே தொடங்கலாம்.